பார்த்தவர்கள் ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று பேர்

மியூசியத்து வாசலில் உட்காருகிறவனுக்கு இரண்டு கஷ்டங்கள் உண்டு: யாரும் வராத நேரம் ஒன்று, யாராவது வந்துவிட்ட நேரம் மற்றொன்று. பிள்ளைகள் கூப்பிட்டார்கள் என்று அமெரிக்காவுக்கு வந்து, "சும்மா இருக்க முடியலப்பா, ஏதாவது வேலை இருந்தா சொல்லு" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட என் வயதுக்காரர்களுக்கு இது புரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் டெக்சாஸில், ஹூஸ்டனிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். ஊரில் தமிழர்கள் மொத்தம் நான்கு பேர். நான்கு பேரும் எங்கள் வீட்டில்தான். மகன் செந்தில் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர். அப்புறம் மருமகள் கவிதா, பேத்தி, நான். நான் எட்டாவது வரை படித்தவன். கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் முப்பத்தொரு வருஷம் கேட்டில் உட்கார்ந்து பஞ்சுப் பொதி எண்ணியவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் பின்வரிசைக்குப் போய்விடுவேன். எண்ணச் சொன்னால் எத்தனை நேரமானாலும் எண்ணுவேன்.

செந்திலிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் டாரதி அம்மாள்தான் ஊர் மியூசியத்தை நடத்தினார். எழுபத்தோரு வயது. சம்பளம் கிடையாது. ரயில் நின்றுபோன பழைய ஸ்டேஷன் கட்டிடத்தில் இரண்டு அறை. செவ்வாய் முதல் சனி வரை, காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை, வாசலில் உட்கார அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. செந்தில் என்னைக் கொண்டுபோய் விட்டான். அங்கே நான் ஆங்கிலத்தில் கேட்டதை அன்றன்றே நோட்டில் தமிழில் எழுதி வைத்தேன். அதிலிருந்துதான் இவை.

எண்ணும் மிஷின்

தொண்ணூற்றேழு ஜனவரி முதல் வாரம். டாரதி அம்மாள் என் கையில் ஒரு சின்ன மிஷினைக் கொடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் இரும்பு டப்பா. கட்டைவிரலால் அழுத்தினால் ஓர் எண் ஏறும். கட்டிடம் ஊர் கவுன்சிலுக்குச் சொந்தம். டிசம்பர் முடிவதற்குள் ஆயிரத்து இருநூறு பேராவது வந்தால் மியூசியம் இருக்கலாம், குறைந்தால் காலி செய்து கட்டிடத்தைப் பக்கத்து பாங்குக்குக் கொடுத்துவிடுவோம் என்று கவுன்சிலில் தீர்மானம் போட்டிருந்தார்கள். "வருகிறவர்களை எண்ணுங்கள்" என்றார் டாரதி அம்மாள். அவ்வளவுதான் சொன்னார்.

வருகிறவர் என்றால் யார்? அதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கூச்சம், கேட்கவில்லை. மில் வழக்கத்தையே வைத்துக்கொண்டேன். மில்லில் லாரியில் வந்து இறங்கியதெல்லாம் வரவு கிடையாது, தராசில் ஏறியதுதான் வரவு. அதே மாதிரி, ஒரு பொருளின் முன்னாலாவது நின்று பார்த்தவர்தான் வந்தவர். அவருக்கு மட்டும் மிஷினை அழுத்தினேன். நோட்டின் வலது பக்கத்தில் அவர்கள். மழைக்கு ஒதுங்கியவர்கள், வழி கேட்டவர்கள், கழிவறைக்கு வந்தவர்கள் எல்லாரும் இடது பக்கத்தில். கைக்குழந்தைக்குக் கணக்கில்லை. ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு தடவை வந்தாலும் ஒன்றுதான்.

முதல் நாள் மாலையில் வலது பக்கம் ஏழு, இடது பக்கம் ஒன்பது. ஏழு என்று மட்டும் சொன்னேன். எட்டாக இருக்காதா என்று கேட்டார் டாரதி அம்மாள். ஏழுதான் என்றேன். பழனிச்சாமி என்ற என் பெயரில் அவர் வாய்க்குள் நுழைந்தது கடைசிப் பாதிதான். சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒன்றிரண்டு முன்னே பின்னே இருந்தால் யாரும் தூக்கில் போட மாட்டார்கள், மிஸ்டர் சாமி."

சர்ச் பஸ்

மியூசியத்துக்கு அடுத்தது ஒரு பெட்ரோல் பங்க். அங்கே கழிவறை பழுதாகி, கதவில் அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். அந்த அட்டை வருஷம் முழுவதும் இறங்கவில்லை. ஹைவேயில் போகிறவர்களுக்கு அடுத்தபடி கண்ணில் படும் கதவு எங்களுடையது.

மார்ச் மாதம் ஒரு பஸ் வந்து நின்றது. ஏதோ ஒரு சர்ச்சைச் சேர்ந்த பெரியவர்கள், நாற்பத்தோரு பேர். ஒரே நாளில் நாற்பத்தொன்று! எழுந்து நின்று, மிஷினைப் பிடித்துக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டேன். எல்லாரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். நேராகப் போய்க் கழிவறை முன்னால் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசை பழைய டிக்கெட் கவுண்டர், சாட்டை, குதிரைச் சேணம், முதல் மேயரின் நாற்காலி எல்லாவற்றையும் உரசிக்கொண்டு நீண்டிருந்தது. ஒருவர் திரும்பிப் பார்க்க வேண்டுமே! ஐம்பது நிமிஷத்தில் மூன்றே பேர் பார்த்தார்கள். அதில் ஒருவர் மேயர் நாற்காலியில் உட்காரலாமா என்று கேட்டவர், அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

வலது பக்கம் மூன்று, இடது பக்கம் முப்பத்தெட்டு. போகும்போது ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக் குலுக்கிச் சொன்னார்: "முன்னூறு மைலாகப் பார்த்துக்கொண்டு வருகிறோம், இந்த ஊரில்தான் பாத்ரூம் பாத்ரூமாக இருக்கிறது. கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்."

ஹூஸ்டன்காரர்கள்

மே மாதம் செந்திலுடைய சிநேகிதர் குடும்பத்தோடு வேனில் வந்தார். ஹூஸ்டனில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டுக்கு வெளியே தமிழ்க் குரல் கேட்டு ஐந்து மாதமாகியிருந்ததால் நானே எழுந்து இரண்டு அறையையும் சுற்றிக் காட்டினேன். என் ஆயுளில் நான் அவ்வளவு பேசியது கிடையாது. அவர் வாட்சைப் பார்த்தார். "அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க, ஓல்டுன்னா எவ்ளோ ஓல்டு? நூறு வருஷமா? எங்க ஊர்ல நூறு வருஷத்துக் கட்டிடத்துல இன்னும் மாடு கட்டிட்டிருக்காங்க" என்றார்.

அவர் பையன் சுழற்றும் டெலிபோன் முன்னால் நின்று, பட்டன் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே இருந்தான். மனைவி கரி போடும் இஸ்திரிப் பெட்டி, வெண்ணெய் கடையும் மத்து, மர உரல் இருக்கும் அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒருவராவது மனதோடு பார்க்கிறாரே என்று பக்கத்தில் போனேன். பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "எங்க மாமியார் கிச்சனையும் இப்படிக் கயிறு கட்டி, யாரும் தொடக்கூடாதுன்னு எழுதிப் போட்டிருந்தா நான் எவ்ளோ நிம்மதியா இருந்திருப்பேன் அங்கிள்."

(வேனில் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய தகப்பனாரைச் சேர்க்கவில்லை. மூன்று பேர்.)

பதினொன்றாவது ஆள்

இரண்டாவது அறையில் ஒரு போட்டோ இருந்தது. பஞ்சு ஏற்றிய வண்டி, முன்னால் ஒரு கோவேறு கழுதை, கோட்டுப் போட்ட வெள்ளைக்கார முதலாளி, அவருக்குப் பின்னால் வரிசையாகக் கறுப்பினத்து வேலையாட்கள். கீழே முதலாளியின் பெயர் எழுதி, "பத்து வேலையாட்களுடன்" என்று போட்டிருந்தது. முதல் வாரமே எண்ணிப் பார்த்தேன். முதலாளியை விட்டுப் பதினொன்று வந்தது. எட்டு தடவை எண்ணினேன். டாரதி அம்மாளிடம் சொன்னதற்கு, போட்டோ கொடுத்தவர்கள் எழுதிக் கொடுத்தது அப்படி என்றார்.

ஜூலையில் ஒரு கறுப்பினப் பெரியவர் வந்தார். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு அந்தப் போட்டோ முன்னால் இருபது நிமிஷம் நின்றார். மற்ற எதையும் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய், "எழுதியிருப்பது பத்து, இருப்பது பதினொன்று" என்றேன். ஒரு முன்பின் தெரியாத ஆளிடம் நானாகப் பேசியது அந்த வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பத்து பேரின் பெயரையும் இடமிருந்து வலமாக நிதானமாகச் சொன்னார். நாலாவது அவர் அம்மா. நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு பஞ்சு மூட்டையின் மேல் துணிச்சுருளுக்குள் தெரிந்த ஒரு சின்ன முகத்தின் மேல் விரலை வைத்துச் சொன்னார்: "எழுதியிருப்பது சரிதான் ஐயா. பத்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள், நான் தூங்கிக்கொண்டிருந்தேன்."

புது அட்டை

அந்தப் பத்துப் பெயரையும் டாரதி அம்மாள் டைப் அடித்துப் புது அட்டையாக ஒட்டினார். தூங்கிய குழந்தையின் பெயரையும் சேர்த்தார். மூன்றாவது வாரம் முதலாளியின் பேரன் வந்தார். போட்டோ கொடுத்தது அவர் குடும்பம். அட்டையை முழுவதும் படித்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்து நான் நாற்காலியிலேயே ஒடுங்கிக்கொண்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. மனம் நொந்துபோனவர் மாதிரி சொன்னார்: "எல்லார் பெயரையும் போட்டீர்கள், எங்கள் தாத்தாவின் கழுதைக்கும் ஒரு பெயர் இருந்தது, அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லையே."

அவரையும் எண்ணினேன். நின்று பார்த்தாரே.

அறுபத்திரண்டு பிள்ளைகள்

நவம்பர் நடுவில் என் மிஷினில் ஆயிரத்து எழுபத்தொன்று. இன்னும் நூற்று இருபத்தொன்பது வேண்டும். குளிர் வந்துவிட்டால் ஹைவேயில் யாரும் இறங்க மாட்டார்கள். அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர் போன் செய்து, வெள்ளிக்கிழமை நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அறுபத்திரண்டு பேரைக் கூட்டிவருகிறேன் என்றார். டாரதி அம்மாள் போனை வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கணவர் இந்த ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவர் என்பதும், நல்லது கெட்டது எல்லாம் பேசி முடித்துக் கல்யாணம் நிச்சயமானது அந்தக் கவுண்டர் முன்னால்தான் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இந்த இடம் போனால் தனக்குப் போக வேறு இடம் இல்லை என்றார்.

வியாழக்கிழமை முழுவதும் இரண்டு பேரும் துடைத்தோம். கண்ணாடி அலமாரி பதினான்கும் பளபளவென்றிருந்தது. டாரதி அம்மாள் அறுபத்திரண்டு பிஸ்கட் சுட்டு எடுத்து வந்தார். உடைந்தால் இருக்கட்டும் என்று நான்கு கூடுதல். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டீச்சர் போன் செய்தார். ஊர்ப் பள்ளி ஃபுட்பால் டீம் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது, பிள்ளைகள் எல்லாரும் ஊர்வலத்துக்குப் போகிறார்கள். வேறு ஒரு நாள் என்று கேட்டோம். கிறிஸ்துமஸ் வரை நாள் இல்லை. டாரதி அம்மாள் மன்றாடினார். அந்த டீச்சர் ரொம்ப நல்ல மாதிரி. ஆறுதலாகத்தான் சொன்னார்: "வரலாறு எங்கே போய்விடப் போகிறது டாரதி, மேட்ச் இன்றைக்கு விட்டால் போச்சு."

டிசம்பர் முப்பத்தொன்று

டிசம்பர் இரண்டாவது வாரம் டாரதி அம்மாளுக்கு நுரையீரலில் சளி கட்டி, செந்திலுடைய ஆஸ்பத்திரியிலேயே படுத்துவிட்டார். மியூசியத்தில் நான் தனி. கடைசி நாள் காலை மிஷினில் ஆயிரத்து நூற்று ஐம்பத்தொன்பது. கவிதா டிபன் பாக்ஸ் கொண்டுவந்தவள் மிஷினைப் பார்த்துவிட்டு, "மாமா, நான் நாற்பது தடவை உள்ள போய் உள்ள போய் வரேன், நீங்க பாட்டுக்கு அழுத்திட்டே இருங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. செருப்பைக்கூடச் சரிசெய்துகொண்டாள். வேண்டாம்மா என்றேன். அவள் பார்த்த பார்வையை நோட்டில் எழுதவில்லை.

அன்று நான்கு பேர் வந்தார்கள். மணி நான்கு. ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று. முப்பத்தேழு குறைவு. எண்ணிக்கையை அன்றே கவுன்சில் ஆபீஸில் கொடுத்தாக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய் டாரதி அம்மாளிடம் காட்டிவிட்டுக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவரிடம் இதைப் போய்க் காட்டுவதா என்று இருந்தது. ஒரு தாளில் எண்ணை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, நானே நடந்துபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட பெண் கண்ணாடியை இறக்கிப் பார்த்துச் சொன்னாள்: "மற்றவர்கள் எல்லாம் கடைசியில் பூஜ்யம் வருகிற மாதிரிதான் கொண்டுவருவார்கள்."

கவுன்சில் கூட்டம்

ஜனவரியில் கூட்டம். டாரதி அம்மாள் இருமிக்கொண்டே வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். எண் எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்ததே அங்கே வாசித்தபோதுதான். என் பக்கம் திரும்பவில்லை. உறுப்பினர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் எங்களுக்கு வேண்டியவர். எப்படி எண்ணினீர்கள் என்று என்னைக் கேட்டார். எழுந்தேன். செந்தில் பக்கத்தில் நின்றுகொண்டான். நோட்டை விரித்து வலது பக்கம் இது, இடது பக்கம் இது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இடது பக்கத்தில் எத்தனை என்றார். அறுநூற்று நான்கு என்றேன். கூடத்தில் ஒரு சலசலப்பு. பக்கத்து ஊர் மியூசியத்தில் கதவிலேயே மிஷின் வைத்திருக்கிறார்கள், காற்றுக்குக் கதவு ஆடினாலும் ஓர் ஆள் ஏறும் என்று யாரோ சொன்னார்கள்.

அந்த உறுப்பினர் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது மாதிரி கேட்டார்: "அந்த அறுநூற்று நான்கு பேரும் மியூசியத்துக்கு வந்தவர்கள்தானே?" ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது எனக்குத் தெரியும். செந்தில் என் முழங்கையை அழுத்தினான். டாரதி அம்மாள் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். என் வாயில் வந்தது: "வந்தார்கள். பார்க்கவில்லை." தலைவர், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எண்தான் எண் என்றார். ஓட்டெடுப்பில் மூன்றுக்கு இரண்டு. மூடுவது என்று முடிவாயிற்று.

திரும்பும்போது செந்தில் கார் ஓட்டினான். சிக்னலில் நின்றபோது ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "ஏம்ப்பா, உங்கள இவ்ளோ கரெக்டா எண்ணச் சொல்லி யாருப்பா கேட்டா?"

திருப்பிக் கொடுத்தது

மொத்தம் முன்னூற்றுப் பன்னிரண்டு பொருள். கொடுத்தவர்கள் அறுபத்தோரு குடும்பம். பிப்ரவரி பூராவும் டாரதி அம்மாள் ஒவ்வொருவராகப் போன் செய்தார்; நான் பட்டியலில் குறித்தேன். சில பேர் ஊரை விட்டுப் போயிருந்தார்கள். சில பேர், பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு வரவில்லை. தையல் மிஷின் கொடுத்த ஒரு குடும்பத்துப் பெண்மணி மட்டும் மனதில் உள்ளதைச் சொன்னார்: "அதை எறிய மனசு வராமல்தானே உங்களிடம் கொடுத்தோம், இப்போது எறிகிற வேலையை எங்கள் தலையில் கட்டுகிறீர்களே."

கடைசி நாள்

நாற்பத்து நான்கு பொருள் வீடு திரும்பியது. இருநூற்று அறுபத்தெட்டு டாரதி அம்மாளின் கார் ஷெட்டுக்குப் போனது. காரை வெளியே மழையில் நிறுத்திக்கொண்டார். கடைசியாக டிக்கெட் கவுண்டர் மட்டும் நின்றது. சுவரோடு பதித்தது, பெயர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் மிஷினைத் துடைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, அவரிடம் நீட்டினேன். தப்பு என்னுடையது, முதல் நாளே கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பூஜ்யத்துக்குத் திருப்பியிருக்கிறேன் என்றுதான் வந்தது.

அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மிஷினை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நீங்கள் ஒரு பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன், மிஸ்டர் சாமி. இதை எப்படி மன்னிப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை."

இனிமேல் எதையும் எண்ணுவதில்லை என்று நான் தீர்மானம் செய்து, இன்றோடு நூற்றுப் பதினெட்டு நாள் ஆகிறது.